நெஞ்சுக்குள்ள ஒரு புறா

பிப்ரவரி 4

என் அண்ணன் பெத்த செல்ல மருமகளே,

சாமி புண்ணியத்துல எல்லாரும் சுகம். ஃபோன் அடிச்சா "டியூட்டில இருக்கேன் அத்தை"ன்னு வச்சிடறே. அதான் லெட்டர். இது உன்னைத் துரத்தாது, கோட்டுப் பையில கிடக்கும், சாப்பிடறப்போ படி. முதல்ல சாப்பிடறியா?

உன் மேல்படிப்பை எதிர்வீட்டுக்காரிக்கு விளக்கறதுக்குள்ள நாக்கு வத்திப்போச்சு. "கண் டாக்டரா, எலும்பு டாக்டரா?"ங்கறா. "உடம்புக்குள்ள இருக்கற எல்லாத்துக்கும் டாக்டர், ஆனா கத்தி எடுக்க மாட்டா"ன்னேன். "ஏன், பயமா?"ங்கறா. அவ வாயில மண்ணு விழ.

ஒரு சேதி. இங்க மெடிக்கல் காலேஜ் பரீட்சைக்கு மறுபடியும் என்னை நோயாளியா கூப்பிட்டிருக்காங்க. உன்னை மாதிரி பிள்ளைங்க என்னைக் கேள்வி கேட்டு, தொட்டுப் பார்த்து, என்ன வியாதின்னு பெரிய டாக்டருங்க முன்னாடி சொல்லணும். சின்ன வயசுக் காய்ச்சல்ல சுருங்கிப்போன என் இதய வால்வுக்கு அவ்வளவு மவுசு! விடையை மட்டும் நான் சொல்லக்கூடாதாம். சொல்லத்தான் போறேன். போன தடவை உன் பரீட்சைக்கு நோயாளியா வந்த ஆளு வாயே திறக்காததாலதானே நீ ஃபெயிலானே? சாமிகிட்ட பேசிட்டேன். நான் இங்க ஒரு பிள்ளையைக் கரையேத்தறேன், நீ அங்க என் பிள்ளையைக் கரையேத்துன்னு.

மாடிப்படி ஏறினா மட்டும் நெஞ்சுக்குள்ள ஒரு புறா படபடக்குது. வயசாகுதுல்ல. நேரத்துக்குத் தூங்கு.

உன் வாயாடி அத்தை


பிப்ரவரி 12

அன்புள்ள அத்தைக்கு,

சாப்பிட்டேன். வார்டுல நின்னுக்கிட்டே எழுதறேன். விடையெல்லாம் சொல்லாதீங்க, பாவம், அவங்களே கண்டுபிடிக்கணும்.

அந்தப் புறா எப்போலேருந்து? சீரா அடிக்குதா, தாறுமாறாவா? மறைக்காம எழுதுங்க. ஏதாவதுன்னா பரீட்சையை விட்டுட்டுக் கிளம்பி வந்துடுவேன். அப்பா போனப்போ லேட்டா வந்து நின்னேனே, அது போதும்.

உங்க மருமக


பிப்ரவரி 19

அடி அசடே,

புறாவும் இல்ல, காக்காவும் இல்ல. கை போன போக்குல எழுதினேன். நேத்து கேஸ் சிலிண்டரை நானேதான் உருட்டி உள்ள வச்சேன். சாமி மேல ஆணையா நல்லாருக்கேன். பரீட்சையை விட்டுட்டு வந்தே, வாசக்கதவைத் திறக்க மாட்டேன்.

அத்தை


மார்ச் 5

கண்ணு,

கோவிச்சுக்காம படி.

பரீட்சைக்கு எனக்கு வந்தது ஒரு ஒல்லிப் பொண்ணு. கையெல்லாம் ஐஸ் மாதிரி இருந்துச்சு. ரகசியமா, "வால்வு சுருக்கம்மா, எழுதிக்கோ"ன்னேன். அவ எழுதல. என் மணிக்கட்டைப் பிடிச்சவ விடவே இல்ல. "அம்மா, நாடி தாளம் தப்புதே. படபடப்பு வருதா?"ன்னா. நீ கேட்ட அதே கேள்வி. "சேச்சே, இல்லவே இல்ல"ன்னுட்டேன். உனக்குத் தெரிஞ்சா ஓடி வந்துடுவியேன்னுதான்.

பெரிய டாக்டர் வந்தார். அந்தப் பொண்ணு நாடியைப் பத்தி சொல்லிச்சு. அவர் என் கையைப் பிடிச்சா, அந்தப் பாழாப்போன புறா அப்பன்னு பார்த்துத் தூங்குது! "ஒழுங்காத்தானே இருக்கு? எங்க தப்புது, காட்டு"ன்னு அதட்டினார். அந்தப் பொண்ணு என்னைப் பார்த்துச்சு, அவ்வளவுதான். எனக்கு உன் முகம்தான் தெரிஞ்சுது.

எழுந்து உக்காந்துட்டேன். "வருது சார். வந்து வந்து போகுது. இந்தப் பொண்ணுகிட்ட இல்லைன்னு பொய் சொன்னேன், சாமி மேல ஆணை வச்சு என் மருமககிட்டயும் சொன்னேன்"னு அத்தனை பேர் நடுவுல சொல்லிட்டேன். வாய் ஓயாதவளாச்சே, அன்னைக்காவது பிரயோஜனப்பட்டுச்சு.

வார்டுலயே படுக்க வச்சு, மெஷின்ல பார்த்து, அவ சொன்னது சரின்னுட்டாங்க. ரத்தம் கட்டாம இருக்க மாத்திரை குடுத்திருக்காங்க. வால்வை விரிக்கறது அடுத்த மாசம் போதுமாம். இது நிஜம். இதோட வச்சிருக்கற சீட்டுல பெரிய டாக்டரோட நம்பர் இருக்கு, நீயே கேட்டுக்கோ. அதனால பரீட்சையை எழுதிட்டு வா.

உனக்கு வர்ற ஆளு இந்தத் தடவையும் வாயைத் திறக்கலைன்னா கோவப்படாத கண்ணு. யாரை நெனச்சு மூடி வச்சிருக்கோ.

அத்தை


மார்ச் 16

அத்தை,

உங்க பெரிய டாக்டர்கிட்ட ஃபோன்ல பேசினதுக்கப்புறம்தான் பரீட்சைக்கு உள்ள போனேன். பரீட்சை முடிஞ்சுது.

எனக்கு வந்தவர் பஸ் டிரைவர். எதைக் கேட்டாலும் "ஒண்ணுமில்ல டாக்டர்". கேள்வியெல்லாம் விட்டுட்டு, "யாருக்குத் தெரியக்கூடாது?"ன்னேன். சுவரைப் பார்த்துக்கிட்டே, "என் பொண்ணுக்கு"ன்னார். அதுக்கப்புறம் எல்லாத்தையும் சொன்னார்.

ரிசல்ட் இன்னும் வரல. சனிக்கிழமை வரேன். கதவைத் திறந்து வைங்க. நாடியை நான்தான் பார்ப்பேன். நீங்க கையை மட்டும் நீட்டினா போதும், விடை சொல்லக்கூடாது.

மருமக