அஞ்சலை ஊதாத மெழுகுவத்தி

18.7.2010 ஞாயிறு

காலையிலிருந்து புழுக்கம். கடல் பக்கம் கறுத்திருக்கிறது, மழை வராது.

முதலில் கையெழுத்தைப் பற்றி. கோடு போட்ட நோட்டுதான், ஆனாலும் எழுத்து கோட்டில் நிற்கவில்லை. ஒன்று மேலே ஏறுகிறது, அடுத்தது கீழே தொங்குகிறது. ஒரு வரி எழுதுவதற்குள் டீ ஆறிவிடுகிறது. சின்ன வயதிலிருந்து வாழையிலை நறுக்கிய கை, பேனாவையும் கத்தி மாதிரி பிடிக்கிறது. படிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். படிக்கப் போகிறவன் நான் ஒருத்தன்தான். சரி, நானே பொறுத்துக்கொள்கிறேன்.

மேரி டீச்சர் சொன்னது: "தெனம் வேணாண்ணே. தோணுறப்ப ஒரு பக்கம் எழுதுங்க. நான் பாக்கவும் மாட்டேன், திருத்தவும் மாட்டேன்." இரண்டு வருஷமாக எனக்கு எழுத்துச் சொல்லிக் கொடுத்தவர். என் சிநேகிதன் ஆரோக்கியசாமியின் மனைவி. ஆரோக்கியசாமி என்று எழுதி முடிப்பதற்குள் கை வலிக்கிறது. இனிமேல் ஆ.சாமி. என் மனைவி அஞ்சலை, இனிமேல் அ.

இன்று ஆ.சாமிக்கு எழுபது. அவனுக்குப் பிறந்த தேதி தெரியும், ஞானஸ்நானம் கொடுத்த கோயில் ஏட்டில் இருக்கிறது. எனக்கு அப்படி எதுவும் இல்லை. ஏதோ ஒரு ஐப்பசி என்று அம்மா சொன்னதோடு சரி.

அவன் வீட்டில் கேக், பிரியாணி, வாடகை நாற்காலி. இலை என் பொறுப்பு. வாழையிலைக் கடையை விட்டாலும் திருப்பாதிரிப்புலியூர் மார்க்கெட்டில் கிழிந்த இலையை என் தலையில் கட்ட முடியாது.

கேக்கின் மேல் மெழுகுவத்திகள். ஆ.சாமி ஊதினான். முன்பல் இல்லை, காற்று பக்கவாட்டில் போகிறது.

"மச்சான், சைக்கிள் பம்பு எடுத்தாரவா?" என்றேன்.

"கிட்ட வா மச்சான். மொதல்ல உன்ன ஊதி அனுப்பிட்டு இத ஊதறேன்."

எல்லாருக்கும் சிரிப்பு. ஒருவழியாக அணைந்தது. கைதட்டல். திரும்பிப் பார்த்தால் அ. இல்லை. வாசலில் அவள் செருப்பும் இல்லை.

வீட்டுக்கு வந்தேன். முறத்தில் அரிசி போட்டுக் கல் பொறுக்கிக்கொண்டிருக்கிறாள். கல் இல்லாத அரிசி.

"பிரியாணி கூட சாப்புடாம ஏன் வந்துட்ட?"

"தலவலி."

தலைவலி என்றால் படுப்பாள். கல் பொறுக்க மாட்டாள்.

20.7 செவ்வாய்

தூறல். வாங்க வேண்டியது: துவரம்பருப்பு, அ.வுக்கு முட்டிவலித் தைலம், பேனா (நீலம்).

சிதம்பரத்திலிருந்து மகள் செல்வி போன். "அப்பா, அம்மா ஆடிப்பெருக்கு அன்னிக்குத்தான பொறந்துச்சு? ஆடி பதினெட்டு இந்த வருஷம் ஆகஸ்ட் மூணாந்தேதி வருது. எங்க வூட்ல கேக்கு வெட்டலாம். ஆரோக்கியசாமி மாமாவயும் டீச்சரயும் வரச் சொல்லுங்க. அம்மாவ சரிக்கட்டறது உங்க வேல."

போனை வைத்த பிறகும் சந்தோஷம் தாங்கவில்லை. யோசித்துப் பார்த்தேன். அறுபதாம் கல்யாணம், காதுகுத்து, மஞ்சள் நீர் என்று ஊரார் வீட்டு விசேஷத்துக்கெல்லாம் என் கடை இலை. என் பெண்டாட்டி பிறந்த நாள் என்று ஒரு நாளும் இலை போட்டதில்லை. ஆடிப்பெருக்கு அன்று மற்றவர்கள் வீட்டுக்கு இலைக்கட்டு போய்க்கொண்டிருக்கும். அவள் கடை பின்னால் உட்கார்ந்து நார் கிழித்துக் கொடுப்பாள்.

சொன்னேன்.

"எனக்கு எதுக்கு அதெல்லாம்? வயச எண்ணக் கூடாது."

"எண்ண வேணாம். கேக்கு மட்டும் வெட்டு."

"நெருப்ப வாயால ஊதற எடத்துல நான் நிக்க மாட்டேன். செல்விகிட்ட சொல்லிடுங்க."

எங்கள் வீட்டில் விளக்கை யாரும் ஊதி அணைப்பதில்லை. பூவால் அமர்த்துவாள், இல்லையென்றால் திரியை எண்ணெய்க்குள் இழுத்துவிடுவாள். ஆனால் பேத்தியின் பிறந்த நாளில் இவளே பக்கத்தில் நின்று கைதட்டியிருக்கிறாள். அப்போது இல்லாத பயம் இப்போது எங்கிருந்து வந்தது?

பேனா வாங்க மறந்துவிட்டேன்.

23.7 வெள்ளி

ஆடி வெள்ளி. தெருக்கோடி அம்மன் கோயிலில் விடியும் முன்னே ஸ்பீக்கர். கூழ் இரண்டு சொம்பு குடித்தேன், அ. கொடுத்தது ஒன்று, அவளுக்குத் தெரியாமல் ஒன்று.

டீக்கடையில் ஆ.சாமியிடம் சொன்னேன். அ.வை அவன் தங்கச்சி என்றுதான் கூப்பிடுவான். கிளாசைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டான்: "தங்கச்சியோட தம்பி, சேத்தியாத்தோப்பு கலியபெருமாளு, எப்ப செத்தான் மச்சான்?"

எனக்கு அப்போதுதான் உறைத்தது. கலியபெருமாளுக்கு அறுபது முடிந்தபோது பிள்ளைகள் கேக் வாங்கி வந்தார்கள். நானும் அ.வும் போயிருந்தோம். ஒரே மூச்சில் எல்லா மெழுகுவத்தியையும் ஊதினான். அந்த வாரமே சந்தையில் நெஞ்சு வலி. சாவுக்குப் போனபோது அந்தக் கேக்கில் மீதி பிரிட்ஜில் இருந்தது. யாருக்கும் அதை எடுத்து எறியக் கைவரவில்லை.

அவன் போய் நான்கு வருஷம். ஒரு தடவை கூட அ. அதைப் பற்றிப் பேசியதில்லை. நானும் கேட்டதில்லை. பேசாவிட்டால் மறந்துவிட்டாள் என்று நினைத்துக்கொண்டேன்.

ஆ.சாமி சொன்னான்: "எங்க கோயில்ல தெனம் மெழுகுவத்தி ஏத்தறாங்க. எவனாவது ஊதறானா? தானா எரிஞ்சி தானா முடியும். மெழுகுவத்தி நான் கொண்டாரேன். ஊதற வேலயே கெடயாதுன்னு தங்கச்சிகிட்ட சொல்லிடு."

நல்ல யோசனையாகப் பட்டது. டீக்காசு அவனே கொடுத்தான். அதுவும் நல்ல சகுனம்.

27.7 செவ்வாய்

வெயில் ஜாஸ்தி. பேனா வாங்கியாச்சு. மை பரவுகிறது.

சாப்பிடும்போது அ.விடம் சொன்னேன். குழம்பு ஊற்றுகிற கை நின்றது.

"ஊதலன்னா எப்படி அணையும்?"

"தானா."

"அதுவரைக்கும்?"

"உக்காந்திருப்போம்."

"வேற வேல இல்ல உங்களுக்கு."

வேண்டாம் என்று சொல்லவில்லை. மத்தியானம் மொட்டை மாடிக்குப் போனால் பட்டுச்சேலை வெயிலில் கிடக்கிறது. செல்விக்குப் போன் செய்தேன்.

பிறகு எனக்கே பயம். இவ்வளவு வற்புறுத்திக் கொண்டாடி, அப்புறம் அவளுக்கோ எனக்கோ ஒன்று ஆகிவிட்டால்? அப்படி ஆகாது என்று தெரியும். ஆனாலும் எழுதி வைக்கிறேன். வெளியில் சொன்னால் ஆ.சாமி சிரிப்பான்.

1.8 ஞாயிறு

சிதம்பரம். பஸ்ஸில் ஜன்னலோரம். வழியில் பெயர்ப்பலகை எல்லாம் படித்துக்கொண்டே வந்தேன். படித்து முடிப்பதற்குள் பஸ் தாண்டிவிடுகிறது. ஆலப்பாக்கம் பாதி. புதுச்சத்திரம் முழுதாக, அங்கே மாடு வழி மறித்தது. எத்தனை வருஷம் போய் வந்த ரோடு. இத்தனை பேர் இவ்வளவு எழுதி வைத்திருப்பது தெரியாமலே போய் வந்திருக்கிறேன்.

"வாய மூடிக்கினு படிங்க. முன்னாடி சீட்டுக்காரங்க திரும்பித் திரும்பிப் பாக்கறாங்க" என்றாள் அ. கொஞ்ச நேரம் கழித்து அவளே, "அது என்ன போட்டிருக்கு?" என்று ஒரு சுவரைக் காட்டினாள். சிமெண்ட் விளம்பரம். படித்துச் சொன்னேன். சரி என்று தலையாட்டினாள்.

4.8 புதன்

நேற்று நடந்தது. எழுத நிறைய இருக்கிறது. மெதுவாக எழுதுகிறேன்.

காலையில் நானும் அவளும் மட்டும் சேத்தியாத்தோப்புக்குப் பஸ். வெள்ளாற்றில் தண்ணீர் கொஞ்சம்தான், கரையில் பெண்கள் கூட்டம். அவளும் தண்ணீரில் காதோலை கருகமணி விட்டு, மஞ்சள் கயிறு மாற்றிக்கொண்டாள். தம்பி வீட்டுத் தெரு அங்கிருந்து கூப்பிடு தூரம்.

"ஒரு எட்டு போய்ட்டு வரலாமா?"

"பஸ்சு வந்துடும்."

அந்தப் பக்கம் திரும்பாமலே பஸ் ஏறினாள்.

மத்தியானம் ஹாஸ்டலிலிருந்து பேத்தி போனில் பிறந்த நாள் வாழ்த்துச் சொன்னாள். "இருக்கட்டும் இருக்கட்டும். சாப்டியா? என்ன கொழம்பு?" என்று அ. கேட்டாள். வைத்த பிறகு போனை முந்தானையால் துடைத்து வைத்தாள்.

சாயங்காலம் ரயிலில் ஆ.சாமியும் டீச்சரும். ஆ.சாமி பையிலிருந்து செய்தித்தாளில் சுற்றியதை எடுத்துப் பிரித்தான். என் மணிக்கட்டு தடிமனில் மெழுகுவத்தி. கோயில் பீடத்தில் நிற்கிற ஜாதி.

செல்வி கேட்டாள்: "மாமா, இது எப்ப எரிஞ்சி முடியும்?"

"நல்ல மெழுகும்மா. ராத்திரி பூரா நிக்கும்." அவனுக்குப் பெருமை.

"அப்ப கேக்க எப்ப வெட்டறது?"

ஆ.சாமி என்னைப் பார்த்தான். நான் மாப்பிள்ளையைப் பார்த்தேன். தானாக முடியும், தானாக முடியும் என்று இத்தனை நாள் பேசியிருக்கிறோம். எப்போது முடியும் என்று இரண்டு பேரில் ஒருத்தனும் யோசிக்கவில்லை.

டீச்சர் சொன்னார்: "இவருக்குப் பட்டாணி சைஸ்ல வாங்கத் தெரியாது. வாங்குனா உத்தரம் சைஸ்தான்."

கேக்கின் மேல் நிறுத்தினால் கேக்கே உட்கார்ந்துவிடும். தாம்பாளத்தில் நிறுத்திப் பக்கத்தில் வைத்தோம். அ. தான் ஏற்றினாள். காற்றுக்கு அணைந்துவிடக் கூடாதென்று ஃபேனை நிறுத்தினார்கள். எல்லாருக்கும் வியர்வை. கேக்கின் க்ரீம் ஓரத்தில் இளக ஆரம்பித்தது.

சும்மா உட்கார்ந்திருக்க முடியுமா? இலை போட்டோம். புளிச்சாதம், தேங்காய்ச்சாதம், சர்க்கரைப் பொங்கல். அ.வுக்கு முதல் இலை, நான் போட்டேன். நுனி இடப்பக்கம் வருகிற மாதிரி சரிசெய்து, தண்ணீர் தெளித்துத் துடைத்து. "நானே போட்டுக்க மாட்டனா?" என்றாள். சாப்பிட்டு முடித்தபோது மெழுகுவத்தி ஒரு விரல்கடை கூடக் குறையவில்லை. அப்போது கரண்டும் போனது. தெருவே இருட்டு. எங்களுக்கு மட்டும் வெளிச்சம்.

"பாத்தியா? எதுக்கும் ஒதவாதுன்னியே" என்றான் ஆ.சாமி டீச்சரிடம்.

சிரிப்பு அடங்கியதும் அ. பேசினாள். மெழுகுவத்தியைப் பார்த்தபடியே.

"அன்னிக்கு நாந்தான் சொன்னேன். அவன் சும்மா ரெண்ட ஊதிட்டு நிறுத்துனான். ஒரே மூச்சுல ஊதுடா தம்பி, நீயெல்லாம் ஆம்பளையான்னு நாந்தான் சொன்னேன். மூச்சு பூரா ஊதிட்டான்."

அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று டீச்சர் சொல்வார் என்று நினைத்தேன். சொல்லவில்லை. நகர்ந்து போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். நான்கு வருஷம் இது தெரியாமல் ஒரே வீட்டில் இருந்திருக்கிறேன்.

ஆ.சாமிதான் கேட்டான்: "ஊதிட்டு என்ன தங்கச்சி பண்ணான்?"

"என்ன பண்ணுவான். சிரிச்சான்."

"எப்படி?"

"பல்லு பூரா தெரிய. 'எக்கா, பாத்தியா எக்கா'ன்னு. கேக்குல மொத துண்ட என் வாய்லதான் வெச்சான். க்ரீமு மூக்குல பட்டுடுச்சி." அப்போதே அவளுக்குச் சிரிப்பு வந்தது. கண்ணும் வழிந்தது. இரண்டையும் அவள் துடைக்கவில்லை.

பிறகு ஆ.சாமி மெல்லிய குரலில், "தங்கச்சி, சுகர் மாத்தர போட்டுட்டேன். கேக்க கண்ணு முன்னாடி வெச்சிக்கினு இன்னும் எத்தினி நேரம்?" என்றான்.

எழுந்தாள். தாம்பாளத்தை இரண்டு கையாலும் தூக்கினாள். சுடர் சாயாமல் நடந்து போய்ச் சாமி அலமாரியில் விளக்குக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"இது அவனுக்கு எரியட்டும். செல்வி, கத்தி கொண்டா."

வெட்டினாள். முதல் துண்டு அலமாரியில். இரண்டாவது என் வாயில். மூக்கில் க்ரீம் பட்டது. தெரிந்து செய்தாளா என்று கேட்கவில்லை.

இன்று விடிந்தும் எரிந்துகொண்டிருந்தது. காபி குடிக்கிற நேரத்தில் தானாக முடிந்தது. அவள் அலமாரி முன்னால் நின்று, புகை அடங்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தாள்.

கை வலிக்கிறது. ஆனாலும் ஒரு தரம் முழுதாக: அஞ்சலை.

6.8 வெள்ளி

கடலூர். மழை பெய்து விட்டிருக்கிறது. தண்ணீர்க் குழாய் ரிப்பேர், ஆள் வரவில்லை.

நேற்று வரும் வழியில் அஞ்சலையே சொல்லி, சேத்தியாத்தோப்பு சுற்றிக்கொண்டு வந்தோம். தம்பி வீட்டுக்குப் போனோம். தம்பி பெண்டாட்டிக்குச் செல்வி கட்டிக் கொடுத்த கேக் ஒரு துண்டு. உள்ளே இரண்டு பேரும் நேரம் போவது தெரியாமல் பேசிக்கொண்டிருந்தார்கள். நான் வெளியே சுவரொட்டி படித்தேன்.

இன்று காலை பூ கட்டிக்கொண்டே கேட்டாள்: "உங்களுக்கு எப்ப?"

"ஐப்பசின்னு அம்மா சொல்லுச்சி. நல்ல மழையாம்."

"எல்லா ஐப்பசியும் மழதான். அத வெச்சி என்ன பண்றது? காலண்டர் பாத்து நானே ஒரு நாளு சொல்றேன். அடுத்த வாரத்துக்குள்ள."

"மெழுகுவத்தி?"

"அண்ணங்கிட்ட சின்னதா வாங்கியாரச் சொல்லுங்க."

அவள் நாள் சொன்னதும் இங்கே எழுத வேண்டும். அதற்காக அடுத்த பக்கத்தில் மேல் வரி காலியாக விட்டிருக்கிறேன். அடுத்த வாரம் வந்து நிரப்புகிறேன்.