பியானோவின் வேகமும் தங்கையின் கணுக்காலும்

அன்பு மூத்த மகளுக்கு அப்பா எழுதுவது. இங்கே மூன்று பேரும் நடமாடிக்கொண்டிருக்கிறோம், அதில் ஒருத்தி மட்டும் நொண்டிக்கொண்டு. நடனம் படிக்கப் போன இடத்தில் நீ உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறாய் என்று நம்புகிறேன், நம்புவது எனக்கு அவ்வளவாக வராது என்பது உனக்கே தெரியும்.

உன் தங்கையைப் பாலே வகுப்பிலிருந்து கூட்டிவர நான்தான் போகிறேன். கண்ணாடிக் கதவுக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பேன். கொஞ்ச நாளாகவே ஒன்று உறுத்தியது. ஒற்றைக் கால் நுனியில் நின்று சுற்றுகிறார்களே, அதற்கு மற்றப் பெண்களுக்கெல்லாம் நிதானமாக வாசிக்கிற பியானோக்காரர், இவள் முறை வந்தால் மட்டும் பஸ்ஸைப் பிடிக்க ஓடுகிறவர் மாதிரி வாசிப்பார். நடனக் குழுவுக்கு ஆள் எடுக்கும் தேர்வு நெருங்குகிறது, டீச்சரின் அண்ணன் மகளும் அதே வகுப்பில், எனக்கு வேறென்ன தோன்றும்? இவளைத் தடுமாற வைக்கத்தான் இந்த வேலை என்று முடிவுகட்டிவிட்டேன். உன் அம்மாவிடம் சொன்னால், "உங்களுக்கு எதிர்வீட்டுப் பூனை மேலயும் சந்தேகம்தான்" என்று காய் நறுக்கப் போய்விட்டாள். ஆனால் இவள் தடுமாறவே இல்லை, அதுதான் எனக்கு இடித்தது. கைகளை நெஞ்சோடு இழுத்துக்கொண்டு பம்பரமாகச் சுற்றி முடிப்பாள், முடித்ததும் சுவரைப் பிடித்துக்கொள்வாள்.

போன வாரம் பொறுக்க முடியாமல் பியானோக்காரரை வாசலில் மடக்கி, யார் சொல்லி இப்படி வாசிக்கிறீர்கள் என்று கேட்டேன். பாவம், மனுஷன் திருதிருவென்று முழித்தார். "உங்க பொண்ணுதான் சார் கேட்டுக்கிட்டா, வேகமா வாசிச்சா நல்லா வருதுன்னு" என்றார். நேரே டீச்சரிடம் போனேன். அவர் மெதுவாக வாசிக்கச் சொல்லி இவளைச் சுற்றச் சொன்னார். இசை நிதானமானால் அந்த ஒரு காலிலேயே அதிக நேரம் நிற்க வேண்டுமில்லையா, பாதிச் சுற்றிலேயே குதிகால் தரையில் இறங்கிவிட்டது, இவள் அப்படியே உட்கார்ந்து அழுதுவிட்டாள். வெகுநாளாகக் கணுக்காலில் வலியாம். சொன்னால் தேர்வுக்கு விடமாட்டோம் என்று மறைத்திருக்கிறாள்.

பிசியோதெரபி பார்க்கிற பெண்மணி ஒருவர் இவள் காலைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "வேகமான பாட்டுக்கு கால் மேல நிக்கிற நேரம் கொறையுது, அதனால சமாளிச்சிட்டா. ஆனா அந்த வேகம் வரணும்னா தரையை எவ்வளவு பலமா உதைக்கணும்? அதுலதான் வீக்கம் கூடிருக்கு" என்றார். இந்த முறை தேர்வு கிடையாது. இவள் என்னோடு பேசுவதும் கிடையாது. டீச்சரின் அண்ணன் மகள்தான் தினமும் வீட்டுக்கு வந்து இவளுக்குத் துணையாக உட்காருகிறாள். அதையும் கொஞ்சம் சந்தேகப்பட்டுப் பார்த்தேன், இருவரும் சிரிக்கிற சத்தம் கேட்டு விட்டுவிட்டேன்.

இப்போது உன் சமாசாரம். நீ ஆடி அனுப்பிய புது வீடியோவை நேற்று மறுபடி போட்டுப் பார்த்தேன். அதில் ஏன் பாட்டுச் சத்தமே இல்லை? போன் கோளாறு என்று சொல்லாதே. நிதானமான பாட்டுக்கு ஒரே ஒரு சுற்று சுற்றி, சத்தத்தோடு அனுப்பு. முடியாவிட்டால் அனுப்ப வேண்டாம், போன் போட்டு வலிக்கிறது என்று மட்டும் சொல், நான் மேற்கொண்டு ஒரு கேள்வி கேட்க மாட்டேன்.

வேளாவேளைக்குச் சாப்பிடு, குளிரில் வெறுங்காலோடு நடக்காதே. நீ நன்றாக இருக்க வேண்டும், அதற்குப் பிறகுதான் ஆட்டமெல்லாம். அம்மாவுக்கு இந்த வீடியோ விஷயத்தை நான் இன்னும் சொல்லவில்லை.

உன் பதிலுக்குக் காத்திருக்கும்
அப்பா