கப்பின் பின்பக்கம்

ஜூன் 3
கால்பந்து கிளப் சுவரில் தொங்கும் சாம்பியன் அணிப் படத்தில் பத்துப் பேருக்கு மீசை வரைந்தேன். கண்ணாடி மேல்தான். கோல்கீப்பருக்கு மட்டும் கொம்பு. அவர் என் அப்பா, அதனால் சலுகை. செயலாளர் மாமா தண்டனை கொடுத்துவிட்டார்: கப் வாங்கிய முப்பதாம் ஆண்டு விழாவுக்குள் அலமாரியில் இருக்கும் எல்லாக் கப்பையும் நான் துலக்க வேண்டும்.

ஜூன் 5
பன்னிரண்டு முடிந்தது. உள்ளங்கை கறுப்பு. ஜோசியர் பார்த்தால் எதிர்காலம் இருட்டு என்பார்.
அப்பா வந்தார். "அந்தப் பெரிய கப்பை விட்டுடும்மா. நானே துலக்கிக்கிறேன்." வீட்டில் தன் டம்ளரைக்கூடக் கழுவாத மனிதர்!

ஜூன் 6
தோள் கழன்றுவிட்டது.

ஜூன் 8
விடு என்றால் விடுகிற பிள்ளையா நான்? அந்தச் சாம்பியன் கப்பைத் துலக்கினேன். எப்போதும் சுவரைப் பார்த்தே இருந்த பக்கத்தில் எழுத்து தெரிந்தது: இரண்டாம் இடம்.
இன்னும் அழுத்தித் தேய்த்தேன். போகவில்லை.
மேட்டுத் தெருக்காரர்கள் எங்களை முன்பு 'சேத்துக்கால்' என்று கேலி செய்வார்களாம். இந்தக் கப் வந்த பிறகுதான் நாங்களே அந்தப் பெயரைப் பனியனில் அச்சடித்துத் திரிகிறோம். சலூன் பெயர் சாம்பியன். தெரு நாய் பெயரும் சாம்பியன்.
என் வாழ்க்கையின் ஆகப்பெரிய குறும்பு கையில் கிடைத்திருக்கிறது. ஏன் சிரிப்பே வரவில்லை?

ஜூன் 9
அப்பாவிடமே கேட்டேன்.
"எங்கேயோ தூரத்து ஊர்ல மேட்ச். கடைசி நிமிஷம், பந்து என் கைக்கு அடியில போச்சு. லாரியை விட்டு இறங்கினதும் கப்பைப் பார்த்துட்டுத் தெருவே தோள்ல தூக்கிடுச்சு. எந்த வாயால சொல்றது? மறுநாள் சொல்லிக்கலாம்னு இருந்தோம்."
முப்பது வருடமாக மறுநாள்!
"விழாவுல சொல்லிடுவியா?" என்றார். கெஞ்சுகிற குரல். சே, எனக்கே என்னவோ மாதிரி ஆயிடுச்சு.
கோல் விட்டவர் மகள் கோள் சொல்வாளா? இந்த ஜோக்கையும் யாரிடமும் சொல்ல முடியாது.

ஜூன் 12
விழா. கப்பின் முன்பக்கம் பளபள. பின்பக்கம் முழுக்க ஷூ பாலிஷ், கறுப்பு, நான்தான் பூசினேன். செயலாளர் மாமா அதைத் திருப்பிப் பார்த்து மைக்கிலேயே சொன்னார்: "பாருங்க, பாதி வேலை! இவ மாதிரி சோம்பேறியைப் பார்த்ததே இல்லை!"
தெருவே சிரித்தது.
அப்பா எழுந்து மேடைக்குப் போனார். கைக்குட்டையை எடுத்தார். எல்லோரும் பார்க்க, பின்பக்கத்தைத் துடைக்க ஆரம்பித்தார்.

ஜூன் 14
சலூன்காரர் பலகையைக் கழற்றிவிட்டார். செயலாளர் மாமா எங்களோடு பேசுவதில்லை. நாய் மட்டும் பழைய பெயருக்குத்தான் வாலாட்டுகிறது.
காலை பதினொரு மணி. அப்பா இன்னும் குறட்டை விட்டுத் தூங்குகிறார். இவ்வளவு நேரம் அவர் தூங்கி நான் பார்த்ததில்லை. எழுப்பவில்லை.