பதினாலாவது தடவை

ஜூன் 3, செவ்வாய்

உலக மக்கள் அனைவரின் மேலான கவனத்திற்கு. எங்கள் வீட்டுக் கணினியின் சுட்டி இன்று காலை ஆறு நாற்பதுக்கு, இடது பொத்தான் செயலிழந்து, தன் ஒன்பதாவது வயதில் காலமானது. அன்னாருக்கு வால் ஒன்று, சக்கரம் ஒன்று. இந்த வீட்டில் இருந்த இரண்டு சுட்டிகளில் இனி ஒன்றுதான் பாக்கி. அது இதை எழுதிக்கொண்டிருக்கிறது.

துக்கம் விசாரிக்க ஆளில்லை. டெலிவரி வேனை நிறுத்திவிட்டு வந்து சோபாவில் விழுந்த அப்பா "சரி" என்றார். தையல் கூடத்திலிருந்து வந்த அம்மா குதிகாலைத் தேய்த்துக்கொண்டே "எது செத்துச்சு?" என்று கேட்டுவிட்டு, பதில் வருவதற்குள் கண்ணை மூடிக்கொண்டாள். இந்த வீட்டில் நாலு பேர். ஐந்தாவது ஆள் அலுப்பு. அவர்தான் நல்ல இடமாகப் பார்த்துக் கால் நீட்டிப் படுத்திருக்கிறார்.

அக்கா மட்டும் பதறினாள். பாசம் இல்லை. போர் நடக்கிறதே!

ஜூன் 4, புதன்

புதுச் சுட்டி வந்துவிட்டது. போர் தொடர்கிறது.

எந்தப் போர் என்று பிற்காலத்தில் இந்த நோட்டைத் திறக்கும் நானே கேட்டுவிடக் கூடாது என்பதால் எழுதி வைக்கிறேன். கணினியில் ஆடும் பழைய கடற்போர் விளையாட்டு. நான் ஜப்பான், அக்கா அமெரிக்கா. கடலின் பெயர் அமைதிப் பெருங்கடல். யாரோ எங்கள் வீட்டைப் பார்த்துவிட்டுப் பெயர் வைத்திருக்கிறார்கள். எங்கள் ஒரு நாள், போரில் ஒரு வாரம். அக்கா ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் ஊசி குத்துகிறவள், அதனால் எனக்கு அவள் கொசு. காலை ஆறு மணிக்குத் தன் கப்பல்களுக்கான உத்தரவுகளைப் பதித்து, கடவுச்சொல் போட்டுப் பூட்டிவிட்டு வேலைக்குப் பறப்பாள். மூன்று மணிக்கு அங்கிருந்து கோச்சிங். வீடு சேர ஏழு. நான் நாலு மணிக்குப் பள்ளியிலிருந்து வந்து, என் உத்தரவுகளைப் பதித்து 'நடத்து' என்ற பொத்தானை அழுத்துவேன். இரண்டு பக்கத்தையும் மோதவிட்டு, பகடை உருட்டி, யார் மூழ்கினார் என்று ஆறு நிமிடத்தில் மிஷின் சொல்லிவிடும். ஏழு மணிக்கு அக்கா வந்து பார்ப்பாள்.

போர் என்றால் வெடி, புகை என்று நினைத்துத்தான் சேர்ந்தேன். எண்ணெய்க் கப்பல் எங்கே, அரிசிக் கப்பல் எங்கே, அதற்குத் துணைக்கப்பல் எங்கே — தினமும் இதே பாட்டு. எண்ணெய் தீர்ந்தால் எவ்வளவு பெரிய போர்க்கப்பலும் தண்ணீரில் மிதக்கும் பீரோ. பீரோக்களை நகர்த்தியே களைத்துவிட்டேன்.

ஜூன் 9, திங்கள்

வரலாற்று ஒப்பந்தம் கையெழுத்தானது.

இந்த வீட்டில் கதவு வைத்த அறை இரண்டு. ஒன்று அப்பா அம்மாவுக்கு. இன்னொன்று அக்காவுக்கு, படிக்கிறாளாம். எனக்கு ஹால். பதினைந்து வயதில் ஒரு மனிதன் தன் முகப்பருவைத் தனியாகப் பார்க்கக்கூட இங்கே வழியில்லை. முடிவு: விளையாட்டில் ஜூன் மாதக் கடைசி வாரம் முடியும்போது மிட்வே தீவு யார் கையில் இருக்கிறதோ, அந்த அறை அவருக்கு.

"எனக்கு ஆகஸ்ட் இருபத்தி நாலு பரீட்சைடா."

"பயமா?"

"பயமா? உன்கிட்டயா?" என்றாள். கையெழுத்துப் போட்டாள்.

மருத்துவக் கல்லூரி நுழைவுத் தேர்வு. இது மூன்றாவது முறை. முதல் முறை பதினோரு மார்க்கில் போனது. போன வருஷம் நாலு மார்க்கில். அதைப் பற்றி இந்த வீட்டில் யாரும் பேசுவதில்லை. நானும்.

ஜூன் 12, வியாழன்

அவளிடம் விமானந்தாங்கிக் கப்பல்கள் மூன்று. அப்பாவுக்கும் உடன்பிறந்தவர்கள் மூன்று. அதனால் பெரியத்தை, நடு அத்தை, சின்னத்தை என்று பெயர் சூட்டிவிட்டேன். நிஜ அத்தைகள் மூவரும் ஒன்றாக வந்தால் வீடு தாங்காது. இவர்கள் விமானமே தாங்குகிறார்கள்.

ஜூன் 20, வெள்ளி

வெற்றி! வெற்றி! கல்லில் வெட்டி வைக்க வேண்டிய நாள்!

மிட்வேக்கு வடக்கே மூடுபனியில் பதுங்கியிருந்த எதிரியை என் கழுகுகள் கண்டுபிடித்து, ஒரே அலையில் மூன்று அத்தைகளையும் கடலடிக்கு அனுப்பின. தீவு என்னுடையது. என் பக்கத்தில் ஒரு கீறல். ஒரே ஒரு கீறல்! இதற்குப் பெயர் மூளை. சிலருக்குப் பிறவியிலேயே வாய்ப்பது.

சந்தோஷத்தில் நாற்காலி மேல் ஏறி நின்று "பெரியத்தை மூழ்கிட்டா! பெரியத்தை மூழ்கிட்டா!" என்று கத்தினேன். குளித்துக்கொண்டிருந்த அப்பா தலை நிறைய சோப்போடு ஓடி வந்து, "எந்தக் குளத்துலடா?" என்றார்.

ஏழு மணிக்கு அக்கா வந்து, நின்றபடியே திரையைப் பார்த்தாள். பையைக்கூட இறக்கவில்லை. "சரி" என்றாள். அப்பா சொல்கிற அதே சரி.

விரல் வலிக்கிறது. புதுச் சுட்டி, பொத்தான் கொஞ்சம் இறுக்கம்.

ஜூன் 21, சனி

குடிபெயர்ந்தேன். கதவில் அறிவிப்பு ஒட்டினேன்: "இது ஜப்பானிய நீர்ப்பரப்பு. அத்துமீறும் கொசுக்கள் விரட்டப்படும்." அக்கா புத்தகங்களைத் தூக்கிக்கொண்டு வெளியே போகும்போது அதைப் படித்தாள். 'அத்துமீறும்' என்பதில் நான் விட்டிருந்த ஓர் எழுத்தைப் பேனாவால் போட்டுவிட்டுப் போனாள்.

ஜூன் 25, புதன்

கதவைத் திறந்தேன். சாத்தினேன். திறந்தேன். சாத்தினேன். பத்து நிமிடம் போனது.

ஜூலை 2, புதன்

ஆறு வருஷம் வேன் ஓட்டி அப்பாவின் இடது காது மந்தம். டிவியில் செய்தி வாசிக்கிறவர் எங்கள் தெருவுக்கே வாசிப்பார்.

"அவ படிக்கிறா, குறைங்க" என்றாள் அம்மா.

"குறைச்சுதான் வச்சிருக்கேன்."

அக்கா சாப்பாட்டு மேஜையில், பரிசோதனைக் கூடத்திலிருந்து கொண்டுவந்த பஞ்சைக் காதில் அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். அம்மா தட்டு வைக்க வந்தால் புத்தகத்தை மடியில் வைத்துக்கொள்கிறாள். தட்டு எடுத்ததும் மறுபடி மேஜைக்கு. அவள் மேல் ஸ்பிரிட் வாசனை. கண்ணுக்குக் கீழே கருப்பு.

ஆனாலும் காலை ஆறு மணிக்கு உத்தரவுகள் வந்துவிடுகின்றன. அத்தைகள் மூன்று பேரும் கடலடியில். கையில் இருப்பது சில்லறைக் கப்பல்கள். அதை வைத்துக்கொண்டு தினமும் தோற்கிறாள். "விட்டுடேன். சரணடை" என்றேன்.

"தோக்கறவங்க பாதியில எழுந்து போகக் கூடாதுடா. அப்புறம் ஜெயிக்கறவன் யாரோட ஆடுவான்?"

ஜூலை 6, ஞாயிறு

மாதிரித் தேர்வில் அக்காவுக்குப் போன மாதத்தைவிட நாற்பது மார்க் குறைவு.

அம்மா ருத்ரதாண்டவம். "பந்தயமாம் பந்தயம்! ரூமை அவளுக்கு விடுடா!" நான் வாய் திறப்பதற்குள் அக்கா முந்திக்கொண்டாள். "வேணாம்மா. பேசினது பேசினதுதான். நான்தான் தோத்தேன்."

"நானே தர்றேன்க்கா" என்றேன்.

"பிச்சையா?" என்றாள். மறுபடி பஞ்சு.

ஜூலை 8, செவ்வாய்

இதை எழுதலாமா? எழுதினால் என்ன, இந்த நோட்டுக்கு வாயா இருக்கிறது?

அந்த வெள்ளிக்கிழமை. நாலு மணிக்குப் பொத்தானை அழுத்தினேன். ஆறு நிமிடம். என் விமானந்தாங்கிகள் மூன்றும் தீப்பற்றி எரிந்து காலி. அவள் அத்தைகளுக்கு ஒரு கீறல். ஒரே ஒரு கீறல்.

முடிவைச் சேமிக்காமல் விளையாட்டை மூடினேன். திறந்தால் உத்தரவுகள் அப்படியே இருந்தன, அந்த வாரம் இன்னும் நடக்கவே இல்லை. மறுபடி அழுத்தினால் பகடை வேறு மாதிரி விழும். அழுத்தினேன். மறுபடி எரிந்தது. மறுபடி மூடினேன்.

பதினாலாவது தடவைதான் ஜெயித்தேன்.

பிறவியிலேயே வாய்த்த மூளை!

ஜூலை 9, புதன்

சொன்னால் கொன்றுவிடுவாள். கொன்றால் பரவாயில்லை. சிரிக்காமல் பார்ப்பாளே, அதுதான்.

ஜூலை 17, வியாழன்

சொல்லாமலே சரி செய்துவிடலாம் என்று ஒரு வாரமாகத் தந்திரம். தோற்றுவிட்டால் போயிற்று! தீவை அவள் பிடித்துவிட்டால், 'தீவோடு அறையும் போகிறது' என்று நானே ஒரு சட்டம் சொல்லிவிடலாம். துணைக்கப்பல் இல்லாமல் போர்க்கப்பலை அனுப்பினேன். எண்ணெயை எங்கோ தெற்கே விட்டேன். மிட்வேயில் காவலை எடுத்தேன்.

ஏழு மணிக்குத் திரையைப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள்.

"உன் கப்பலெல்லாம் வரிசையா வந்து கழுத்தை நீட்டுது."

"அசதிக்கா. கவனிக்கலை."

"பொய் சொல்லாத. விட்டுக்குடுக்கற. என்னைப் பார்த்தா பாவமா இருக்கா உனக்கு?"

"இல்லக்கா—"

"ரத்தம் குடுக்க வர்ற ஆளெல்லாம் 'இந்த வருஷம் கிடைச்சுரும்மா'ங்கறாங்க. கோச்சிங் சார் தலையத் தடவறார். இப்ப நீயுமா?" பையைத் தரையில் போட்டாள். "ஒரு இடத்துலயாவது நெஜமாத் தோத்துக்கறேன், விடேண்டா."

நெஜமா. அந்த வார்த்தையை எங்க போய் வைக்கறதுன்னு எனக்குத் தெரியலை. ஹால்ல வச்சா டிவி. ரூம்ல வச்சா நான்.

ஜூலை 20, ஞாயிறு

சொல்லிவிட்டேன்.

மத்தியானம். அப்பா செய்தியில், அம்மா வெங்காயத்தில், அக்கா தவளையின் இதயத்தில் — படம் வரைந்து பாகம் குறித்துக்கொண்டிருந்தாள். போய் ஒரு காதுப் பஞ்சைப் பிடுங்கினேன்.

"செத்தடா நீ."

"அக்கா, பெரியத்தை மூழ்கலை."

"என்ன உளர்ற?"

"மிட்வேல. மொதல்ல என் கப்பல்தான் மூணும் போச்சு. சேமிக்காம மூடிட்டு, திரும்ப ஓட்டினேன். திரும்பவும் நீதான் ஜெயிச்ச. திரும்ப ஓட்டினேன்."

இன்னொரு காதுப் பஞ்சை அவளே எடுத்தாள். அடி விழும் என்று தோளைக் குறுக்கிக்கொண்டேன். விழவில்லை.

"எத்தனை தடவை?"

"பதினாலு."

"என் உத்தரவை மாத்தினியா?"

"எப்படி மாத்தறது? நீதான் பூட்டிட்டுப் போயிட்டியே. என்னோடதைத்தான் மாத்தி மாத்திப் பார்த்தேன்."

"நான் எங்க பதுங்கியிருக்கேன்னு தெரிஞ்சப்புறமுமா?"

"தெரிஞ்சப்புறமும்தான்."

அவள் பென்சிலைக் கீழே வைத்தாள். "அப்ப பதிமூணு தடவை நான் ஜெயிச்சிருக்கேன்."

தலையாட்டினேன்.

"உக்காரு. ஒண்ணொண்ணா சொல்லு."

சொன்னேன். பாடம்தான் ஏறாது, தோற்றதெல்லாம் மனப்பாடம். இரண்டாவது தடவை அவள் விமானங்கள் மேகத்திலிருந்து இறங்கியது. மூன்றாவது தடவை நான் கிழக்கே சுற்றிப் போய், அங்கே அவள் நீர்மூழ்கியிடம் மாட்டியது. தவளைக்குப் பக்கத்திலேயே ஒவ்வொன்றாக எண் போட்டு எழுதிக்கொண்டாள். நாலாவதில் செய்தி வாசிக்கிறவரின் சத்தம் நின்றது. அப்பா நாற்காலியை இழுத்துக்கொண்டு வந்துவிட்டார்.

"அதுல என் தங்கச்சி என்ன ஆனா?"

"தப்பிச்சுட்டாங்கப்பா. வெறும் புகைதான்."

"அவ தப்பிச்சுருவா. சின்ன வயசுலேருந்தே அப்படித்தான்."

அக்கா சிரித்துவிட்டாள். அம்மா கத்தியோடு அப்படியே நின்று பார்த்தாள். ஏழாவது, எட்டாவது சொல்லும்போது அக்காவுக்குக் கண்ணில் தண்ணீர். வெங்காயம் என்றாள். வெங்காயம் சமையலறையில் இருந்தது.

பதிமூன்றும் முடிந்ததும் முதுகில் ஒன்று வைத்தாள். பலமாகத்தான். பிறகு தீர்ப்பு: போர் முதலிலிருந்து மறுபடி தொடங்கும். பொத்தானை இனிமேல் அவள்தான் அழுத்துவாள். அவளுடைய வெள்ளைக் கோட்டை ஒரு மாதம் நான் துவைக்க வேண்டும். புத்தகங்களை வாரிக்கொண்டு உள்ளே போனாள். போகிற போக்கில் என் தலையணை வெளியே பறந்து வந்தது.

ஜூலை 21, திங்கள்

ஹால். டிவி. அப்பாடா.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

எழுதிவிட்டு ஐந்தரைக்கு வந்தாள். "எப்படி?" என்று மூன்று பேரும் ஒரே நேரத்தில் கேட்டோம். "எழுதியிருக்கேன்" என்றாள். செருப்பைக் கழற்றினாள், உள்ளே போனாள், கதவைச் சாத்தினாள், தூங்குகிறாள். அப்பா சத்தமே இல்லாமல் செய்தி பார்க்கிறார். வாயசைவை வைத்து உலகம் எங்கே போகிறது என்று கண்டுபிடித்துவிடுவாராம்.

கடலில் எனக்கு மிச்சம் இரண்டு எண்ணெய்க் கப்பல், ஒரு பீரோ. காலையில் பரீட்சைக்குக் கிளம்பும் அவசரத்திலும் உத்தரவு பதித்துவிட்டுத்தான் போயிருக்கிறாள். நாளைக்கு அந்த பீரோவும் போகும். நெஜமாகவே போகும். எழுந்து போகப் போவதில்லை, அலுத்துக்கொண்டே ஆடுவேன்.

இன்னொன்றும் இருக்கிறது. அக்காவிடம் பதினாலு என்றேன். இந்த நோட்டிலும் பதினாலு என்றுதான் எழுதி வைத்திருக்கிறேன். வாயில்லாத நோட்டிடம்கூடப் பொய்.

இருபத்தி மூன்று. நாலு மணிக்கு உட்கார்ந்தவன் எழுந்தபோது ஆறரை. இருபத்தி இரண்டு தடவை தோற்றவன், ஒரு மனிதன், அதை எப்படி வாயால் சொல்வான்?

பாக்கி ஒன்பதையும் ஒரு தாளில் எழுதி மடித்து வைத்திருக்கிறேன். தேர்வு முடிவு சரியாக வரவில்லையென்றால், அன்றைக்கு ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுப்பேன். நல்லபடியாக வந்துவிட்டால் கிழித்துவிடுவேன். எனக்கும் கொஞ்சம் மானம் வேண்டாமா?