மதகில் தொங்கிய படகு

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் சுகமாக இருப்பீர்கள். இங்கே நாங்களும் சுகம் என்று அடுத்த வரியை எழுதப் போனேன், பேனா நகரவில்லை. குழந்தைக்கு முன்பல் விழுந்ததாகச் சொன்னாயே, நாக்கால் துழாவவிடாதே, பல் கோணலாக முளைக்கும். மாப்பிள்ளையின் முதுகுவலி எப்படி இருக்கிறது? நாற்காலியை மாற்றச் சொல்லு, மாத்திரையை மாற்றிப் பயனில்லை. இதையெல்லாம் போனிலேயே சொல்லலாமே, இந்த மனுஷன் எதற்குக் கடிதம் எழுதுகிறான் என்று நினைப்பாய். எட்டு அடி வைத்தால் முடிந்துபோகும் படகில் உன் அம்மா காதில் விழாமல் எங்கே போய்ப் பேசுவது. இன்று, இங்கே கால்வாய் மதகைத் திறந்து மூடும் மதகுக்காரரின் ஆபீஸ் போனிலிருந்து இரண்டு தரம் கூப்பிட்டேன். உன் குரல் கேட்டதும் நலம்தானே நாங்களும் நலம் என்று பழகின பொய்யே வாயில் வந்தது, வைத்துவிட்டேன். காகிதத்திடம் அந்தப் பழக்கம் இல்லை. அவர் மேஜையில் உட்கார்ந்துதான் எழுதுகிறேன், உன் அம்மா படகில் சாப்பிட்டுவிட்டுத் தூங்குகிறாள்.

ஆற்றில் பதினோரு நாள் நன்றாகத்தான் வந்தோம். உனக்கு அனுப்பிய படமெல்லாம் அப்போது எடுத்தது. பிறகு கால்வாய்க்குள் நுழைந்தோம். பாலங்கள் தாழ்வு என்பதால் பாய்மரத்தைச் சாய்த்து மேல்தட்டில் படுக்கப் போட்டு, எஞ்சினில் போகிறோம். கால்வாயில் வழிநெடுக மதகுத் தொட்டிகள் இருக்கின்றன. படகை உள்ளே விட்டு இரண்டு பக்கமும் கதவை மூடி, தண்ணீரை வடித்து லிப்ட் மாதிரி கீழே இறக்குவார்கள். அப்போது கரைமேல் இருக்கும் இரும்புக் குமிழில் கயிற்றைச் சுற்றிக் கையில் பிடித்துக்கொள்ள வேண்டும், தண்ணீர் இறங்க இறங்க விட்டுக்கொடுக்க வேண்டும், எந்தக் காரணத்துக்கும் கட்டக் கூடாது. இதை எனக்குச் சொல்லிக்கொடுத்ததே உன் அம்மாதான். நேற்று அவளே கட்டினாள். பார்சல் ஆபீஸில் முப்பத்தொரு வருஷம் மூட்டை கட்டின கை, லாரியில் ஏற்றி மலைமேல் உருட்டினாலும் அவிழாத முடிச்சு. தண்ணீர் இறங்கியது, படகு இறங்கவில்லை. ஒரு பக்கமாகச் சாய்ந்து சுவரில் தொங்கிற்று. பாத்திரமெல்லாம் உருண்டது, உன் அம்மா கம்பியைப் பிடித்துக்கொண்டு என்னையே பார்த்தாள். மதகுக்காரர் கத்திக்கொண்டே ஓடினார். நான் ரொட்டிக் கத்தியால் கயிற்றை அறுத்தேன். படகு தொப்பென்று விழுந்ததில் என் தோள் பெயர்ந்த மாதிரி வலிக்கிறது, அது கிடக்கட்டும். எல்லாம் அடங்கின பிறகு குமிழில் மிச்சமிருந்த துண்டை மதகுக்காரர் கொண்டுவந்து காட்டினார். உன் அம்மா அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, நல்ல முடிச்சாக இருக்கிறதே, யார் போட்டது என்று கேட்டாள்.

இனி மறைத்துப் பயனில்லை கண்ணு. இது ஒரு வருஷமாக இருக்கிறது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துக்கொண்டிருந்தேன். நீ போன் செய்யும்போதெல்லாம் குழந்தையின் பெயர், வகுப்பு, நீ போன வாரம் சொன்ன சங்கதி எல்லாவற்றையும் பெரிய எழுத்தில் எழுதி அவள் கண்ணுக்கு நேரே பிடித்துக்கொண்டு நிற்பேன். அம்மா இப்போதெல்லாம் கலகலப்பாகப் பேசுகிறாள் என்று நீ சந்தோஷப்பட்டாயே, அது என் கையெழுத்து. அச்சகத்தில் ஆயுள் முழுக்க அடுத்தவன் பிழையைத் திருத்திய நான் வீட்டில் இதைச் செய்தேன். உன்னிடம் சொல்லக் கூடாது என்று அவள் என் தலையில் கைவைத்துச் சத்தியம் வாங்கியிருந்தாள். படகு வாங்கலாம், ஆற்றோடு போய்க் கடலைப் பார்க்கலாம் என்றபோது, சரி, திறந்த காற்றில் தெளிந்துவிடுவாள் என்று ஆழம் தெரியாமல் காலை விட்டேன். போன புதன்கிழமை சாப்பாட்டுக்குக் கரை ஒதுங்கினோம், கிளம்பும்போது படகை வந்த வழிக்கே திருப்பிவிட்டாள். காலையில் பார்த்த செங்கல் சூளையை மறுபடி பார்க்கும்வரை எனக்கும் உறைக்கவில்லை. எத்தனை சூளை வைத்திருக்கிறார்கள் பார் என்று வேறு பேசிக்கொண்டு வந்தேன், மடையன்.

இன்று சனிக்கிழமை. இதற்கு அடுத்தது கடைசி மதகு. அதைத் தாண்டினால் கால்வாய் பெரிய ஆற்றில் சேர்கிறது, அங்கே கடல்தண்ணீர் ஏறி இறங்கும், காற்றும் முரடு. அங்கே பாய்மரத்தை நிமிர்த்திப் பாய் விரித்துக் கடலுக்குப் போக வேண்டும் என்பதுதான் அவள் திட்டம். பாய் கட்டத் தெரிந்தவள் அவள் ஒருத்திதான், எனக்கு நீந்தக்கூடத் தெரியாது. வருகிற வெள்ளிக்கிழமை பராமரிப்புக்காக மதகுகளை மூடிக் கால்வாயை வடிக்கப் போகிறார்கள், அதற்குள் போனால்தான் போனது. நான் வரவில்லை என்று சொல்லிப் பார்த்தேன். அப்படியானால் கரையில் இருங்கள், நான் போய்விட்டு வருகிறேன் என்றாள். எஞ்சின் சாவியைக் கழுத்தில் போட்டிருக்கிறாள். போய்விடுவாள், உனக்குத் தெரியாதா அவளை. டாக்டர் என்ற வார்த்தையை எடுத்ததற்கு ஒரு நாள் முழுக்கப் பேச்சில்லை. மதகுக்காரர் தங்கமானவர், உன் அம்மாவிடம் அடுத்த மதகின் கதவில் ஏதோ பழுது, புதன் வரை திறக்காது என்று எனக்காகப் பொய் சொல்லியிருக்கிறார். அதற்கு மேல் அவர் வேலைக்கு ஆபத்து. அவள் கடலைப் பார்க்க ஓடவில்லை என்று எனக்கு இப்போது தோன்றுகிறது. உன் கண்ணில் படாத இடமாகப் பார்த்து ஓடுகிறாள். உனக்குத் தெரிந்துவிட்டது என்று ஆகிவிட்டால் ஓடக் காரணம் எதுவும் இருக்காது. என்னால் அவளைப் படகிலிருந்து இறக்க முடியவில்லையடி. கெஞ்சினேன், கோபப்பட்டேன், நேற்று அவள் எதிரிலேயே அழுதேன். தோள் வலிக்கிறதா என்று எண்ணெய் எடுத்து வந்து தேய்த்தாள்.

இந்தக் கடிதம் அவசரத் தபாலில் உனக்குத் திங்களன்று கிடைக்கும். அன்றே ரயில் ஏறு. வேலை, லீவு எதையும் பார்க்காதே, குழந்தையை மாப்பிள்ளை பார்த்துக்கொள்ளட்டும். ஊர்ப் பெயரை உறையின் பின்பக்கம் எழுதியிருக்கிறேன், ஸ்டேஷனிலிருந்து மதகு ஆபீஸ் என்றால் யாரும் கொண்டுவந்து விடுவார்கள். ஏன் மறைத்தீர்கள் என்று என்னை எவ்வளவு வேண்டுமானாலும் திட்டு, அவளை வீட்டுக்குக் கொண்டுபோன பிறகு திட்டு. நீயும் உன் குடும்பமும் ஒரு குறையும் இல்லாமல் நீடூழி இருக்க வேண்டும், அதற்கு என் வாழ்த்து எப்போதும் உண்டு.

ஒன்று மறக்காதே. படகில் ஏறும்போது எப்போதும்போல நான்தாம்மா என்று மட்டும் சொல்லிக்கொண்டு வராதே. உன் பெயரைச் சொல்லு. மகள் என்றும் சேர்த்துச் சொல்லு. அவளுக்குத் தெரியும், இன்னும் தெரியும். இருந்தாலும் சொல்லு.

உன் வரவைப் பார்த்துக்கொண்டிருக்கும்,
அப்பா