அம்பு காட்டும் பக்கம்

மார்ச் 3
வகுப்பில் நான்தான் முதலிடம்! நான் வேலை பார்த்த தையல் ஆலையை மூடிய பிறகு, நாற்பத்தாறு வயதில், எனக்கு ஒரு கம்பெனியில் எலெக்ட்ரானிக்ஸ் பயிற்சி. அங்கே தரும் கம்ப்யூட்டர் கண்ணாடியை மாட்டினால் சர்க்யூட் பலகைமேல் பச்சை அம்புகள் மிதக்கின்றன. எந்தப் பாகம் எந்தத் துளையில் என்று அவையே சொல்லிவிடுகின்றன. செருகினேன், பல்பு எரிந்தது. வீட்டில் ஒரே பீற்றல்தான்.

மார்ச் 19
கண்ணாடி இல்லாமல் மாதிரித் தேர்வு. மானம் போயிற்று. பலகையில் ஒன்றும் பிடிபடவில்லை. இல்லாத கண்ணாடியை இரண்டு தடவை மூக்கின்மேல் தள்ளிவிட்டேன். மின்சாரத்தைச் சேமிக்கும் குட்டி உருளை, கெப்பாசிட்டர், அதைத் தலைகீழாகச் செருகி மின்சாரம் கொடுத்ததும் — டப்! புகை.

"அதோட உடம்புலயே வெள்ளைக் கோடு இருக்கே, பாக்கலையா?" என்றார் பயிற்சியாளர்.

கோடா? தினமும் தொட்ட பொருள். நான் அம்பை மட்டும் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன். இறுதித் தேர்வில் தேறினால்தான் கம்பெனியில் வேலை. என்னால ஆகுமா? ஆகாது.

மார்ச் 20
அழுதேன்.

ஏப்ரல் 6
பழைய ரேடியோவைப் பிரித்து சாப்பாட்டு மேசையில் பரப்பியிருக்கிறேன். வெள்ளைக் கோட்டுப் பக்கத்துக் கால் மைனஸ். "சாப்பாடு உண்டா, இல்ல இதையே பொரிச்சுத் தரப் போறியா?" என்கிறார் என் வீட்டுக்காரர். ஆனால் பாகங்களைப் பிரித்துக் கிண்ணங்களில் போட்டுக் கொடுப்பதும் அவர்தான்.

ஏப்ரல் 22
கண்ணாடி இல்லாமல் இரண்டு பலகைகள். இரண்டிலும் விளக்கு எரிந்தது. நானே கட்டியவை. நானே!

ஏப்ரல் 29
தேர்வே கிடையாதாம். வேலையிலும் எல்லோருக்கும் கண்ணாடி தருகிறார்களாம். "யார் வேணா செய்யலாம்க்கா, ஒண்ணும் தெரிஞ்சிருக்க வேண்டாம்," என்று அலுவலகப் பெண் நல்ல செய்தி மாதிரி சொன்னாள். அப்புறம் எதுக்கு நான் மண்டையை உடைச்சுக்கிட்டேன்?

மே 11
வேலைக்குச் சேர்ந்து நாலாம் நாள். கண்ணாடியில் இன்று ஏற்றிய புதுப் பலகைக்கு அம்பு தவறு. கோட்டுப் பக்கத்தைப் பிளஸ்ஸில் செருகச் சொல்கிறது. நான் சரியாகச் செருகினேன். கண்ணாடி சிவந்தது, வரிசையே நின்றது. மேற்பார்வையாளர் ஓடி வந்தார்.

"சார், அம்பு தலைகீழா காட்டுது. இப்படிப் போட்டு கரண்ட் கொடுத்தா வெடிச்சிரும்."

"அக்கா, உங்களுக்குத் தெரிஞ்சதைச் செய்யாதீங்க. காட்டுறதைச் செய்யுங்க."

மாலைக்குள் நாற்பது பலகைகள். நாற்பதும் தலைகீழ். நாற்பது தடவையும் 'சரி' என்று பச்சை விளக்கு.

வீட்டுக்கு வந்ததும் ரேடியோவையும் கிண்ணங்களையும் பெட்டியில் கொட்டி, மேசையைத் துடைத்தேன்.

"முடிக்காமலேயா?" என்றார் அவர்.