எழுபத்தொன்றாம் பாட்டின் மேல்குரல்

சாரன், கஜகஸ்தான்
9 பிப்ரவரி 1997

கர்த்தருக்குள் அன்பான அக்கா அகநேத்தாவுக்குத் தம்பி கொர்னேலி எழுதிக்கொள்வது.

போன கடிதம் தலைகால் புரியவில்லை என்று குறைப்பட்டீர்கள். ஆகவே முதலிலேயே வரிசைப்படுத்துகிறேன்:
1. சூசன்னாவின் உடல்நிலை.
2. அவளுடைய பாட்டு நோட்டு ஏன் உடனே வேண்டும்.
3. என் குரலால் ஏன் அவளுக்குப் பயனில்லை.

ஒன்று. பக்கவாதம் வந்து ஐந்து மாதமாகிறது. பிடித்துக்கொண்டு உட்காருகிறாள், கஞ்சி குடிக்கிறாள். பேச்சு மட்டும் ஒரு சொல்கூட இல்லை. நர்ஸ் சொன்னாள்: "பேச்சு போனாலும் சில பேருக்குப் பாட்டு மிஞ்சும், தாத்தா. பழகின பாட்டாப் பாடிக் காட்டுங்க."

இரண்டு. அவளுக்கு உயிரான பாட்டு எழுபத்தொன்று. ஐம்பத்தாறில், உங்கள் சமையலறையில், போலீஸ் காதில் விழாதபடி ஜன்னலில் மெத்தையைச் சாத்திவிட்டுக் கற்றுக்கொண்டோமே, அது. தாள் கிடைக்காததால் ஆளுக்கு அவரவர் குரலை மட்டும், சுரத்துக்கு ஓர் எண்ணாகப் போட்டு எழுதிக்கொண்டோம். உங்களிடம் நடுக்குரல் ஆல்டோ, என்னிடம் கீழ்க்குரல் பாஸ், அவளிடம் மேல்குரல் சோப்ரானோ. அவள் அடுப்புக்கு அந்தப் பக்கம் நின்றாள். கட்டிக்கொள்ளப்போகிறவளின் குரலைக் கேட்டு இரண்டு வாரம் கழித்துத்தான் முகத்தைப் பார்த்தேன். மெட்டு அவள் நோட்டில் இருக்கிறது. "படி எடுத்துட்டு அனுப்புறேன்" என்று நீங்கள் ஜெர்மனிக்குக் கொண்டுபோய் நான்கு வருடம் ஆகிறது.

மூன்று. மெட்டு காதில் இருக்காதா என்பீர்கள். இருக்கிறது. வாயைத் திறந்தால் பாஸ்தான் வருகிறது. நாற்பது வருடப் பழக்கம். தனி பாஸ் பாட்டே அல்ல. ஒரு வரி முழுக்க ஒரே சுரத்தில் நிற்கும். அதைக் கேட்டு யாருக்கும் எதுவும் நினைவுக்கு வராது. அதனால் இதுவரை அவள் முன் பாடவில்லை.

தயவுசெய்து நோட்டை அனுப்புங்கள்.

அன்புள்ள தம்பி,
கொர்னேலி

பீலெஃபெல்ட்
3 மார்ச் 1997

அன்புத் தம்பி,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு அழுதேன். பிறகு கோபம் வந்தது. அன்றே எங்களோடு கிளம்பியிருந்தால் இங்கே நல்ல டாக்டர்கள் பார்த்திருப்பார்கள். கேட்டாயா?

நோட்டு விஷயம் சொல்ல வெட்கமாக இருக்கிறது. சபையில் பார்க்கக் கேட்டார்கள், கொடுத்தேன். இப்போது கண்ணாடிப் பெட்டிக்குள் காட்சிக்கு வைத்திருக்கிறார்கள். நேற்று போய்க் கேட்டேன். சபை மூப்பர் சொல்கிறார்: "அதெப்படிம்மா எடுக்க முடியும்? பள்ளிக்கூடப் பிள்ளைங்க பார்க்க வருதுங்களே. உங்களுக்கு என்ன, பாட்டெல்லாம் மனப்பாடம்தானே!" எனக்கு மனப்பாடம் ஆல்டோதானே, தம்பி! அவரிடம் சொன்னால் புரியவில்லை. எண்பது பேர் பாடகர் குழு வைத்திருக்கிறார், சுரப் புத்தகம் இல்லாமல் ஒருவருக்கும் வாய் திறக்காது.

அந்தக் குழு பாடிய எழுபத்தொன்றை கேசட்டில் அனுப்புகிறேன். ஆர்கன், எக்காளம் எல்லாம் உண்டு. சூசே கேட்டால் எழுந்து உட்கார்ந்துவிடுவாள்.

உன் அக்கா,
அகநேத்தா

சாரன்
6 ஏப்ரல் 1997

அன்பான அக்காவுக்கு,

இந்த முறை வரிசைப்படுத்த மனமில்லை.

கேசட் வந்தது. போட்டேன். எக்காளம் முழங்கியதும் சூசன்னா சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். மெல்ல வைத்தேன், உரக்க வைத்தேன், நான்கு நாள் காலையும் மாலையும் வைத்தேன். நாங்கள் பாடியதைவிட இரண்டு மடங்கு வேகம். ஐந்தாம் நாள் டேப் ரிக்கார்டரை எட்டிக் கையால் தள்ளிவிட்டாள். எனக்கு அவள்மேல் கோபம் வந்தது. உங்கள்மேல் வந்தது. அந்தக் கண்ணாடிப் பெட்டிமேல் வந்த கோபத்தை எழுதினால் இன்று ஞாயிற்றுக்கிழமைக்கு ஆகாது.

பால் கொண்டுவந்த பக்கத்து வீட்டு ராவ்ஷான் பார்த்துவிட்டாள். "என்ன ஐயா, பொண்டாட்டிக்குப் பாட ஊர்ல இருந்து ஆளைக் கூப்பிட்டீங்களா? உங்க வாய் என்ன ஆச்சு?"

"நான் பாடினா பாட்டு மாதிரி இருக்காதும்மா. அது கீழ்க்குரல்."

"மாடு கத்துற மாதிரி இருந்தாத்தான் என்ன? அவங்க நாற்பது வருஷமா அதைத்தானே கேட்டாங்க! பாடுங்க, நான் காதைப் பொத்திக்கிறேன்."

நிஜமாகவே பொத்திக்கொண்டாள். நான் தரையைப் பார்த்துக்கொண்டு தொடங்கினேன். முதல் வரி, ஒரே சுரம். கேட்கவே நாராசமாக இருந்தது. நிறுத்திவிடலாம் என்று இரண்டாம் வரியில் மூச்சு வாங்கியபோது என் குரலுக்கு மேலே ஏதோ கீச்சென்று கேட்டது. ராவ்ஷான்தான் கேலி செய்கிறாள் என்று நிமிர்ந்தேன். அவள் காதிலிருந்து கையை எடுத்துவிட்டு வாய் பிளந்து நின்றாள்.

சூசன்னா பாடினாள், அக்கா. சுவரைப் பார்த்தபடியே, வார்த்தைகளோடு, சரணம் முடியும் வரை.

முடிந்ததும் "தண்ணி வேணுமா, சூசே?" என்று கேட்டேன். உதடு துடித்தது, சொல் வரவில்லை. மறுபடி கேட்டேன். வரவே இல்லை. பாட்டில் வரும் சொல் தண்ணீருக்கு ஏன் வரக்கூடாது? இன்றுவரை அப்படித்தான். எரிச்சலில் நான் எழப்போனேன். அவள் நல்ல கையால் கட்டிலைத் தட்டினாள். அடுத்த சரணம்.

நோட்டு இப்போதும் வேண்டும், அது அவளுடையது. மூப்பரை விடாதீர்கள். ஆனால் பிப்ரவரிக் கடிதத்தில் மூன்றாவதாக எழுதியது தவறு. ஏழு மாதத்தை வீணாக்கியது அந்த மூன்றாவதுதான்.

தம்பி,
கொர்னேலி